சொந்த மைதானத்தை விட்டுப் போகலாமா? – வாசகர் கேள்வி பதில்

அமெரிக்காவின் கொலம்பஸ் க்ரூ கால்பந்து அணி, மெஸ்ஸி ஆடும் இன்டர் மயாமிக்கு எதிரான தன் சொந்த ஊர் ஆட்டத்தை 2025 ஏப்ரலில் கிளீவ்லேண்டின் பெரிய அரங்கத்துக்கு மாற்றியது பற்றிச் சென்ற இதழில் நாலைந்து வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களைப் படித்ததும், இந்த முறை எல்லாப் பக்கங்களையும் இந்த ஒரு விஷயத்துக்கே கொடுத்துவிடலாம் என்று தோன்றியது. வேறு கேள்விகள் அனுப்பியவர்கள் ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: நான் கொலம்பஸில்தான் வேலை பார்க்கிறேன். எங்கள் அணிக்கு ஊருக்குள்ளேயே அருமையான மைதானம் இருக்கிறது. மெஸ்ஸி வருகிறார் என்பதற்காக, இரண்டு மணி நேரம் கார் ஓட்டிப் போகவேண்டிய ஊருக்கு ஆட்டத்தைக் கொண்டுபோனது சரியா?
– மென்பொருள் பொறியாளர், கொலம்பஸ், ஒஹையோ

பதில்: சரியில்லை என்பதுதான் என் பதில்.

உங்கள் லோயர் டாட் காம் ஃபீல்டு 2021 ஜூலையில் திறந்தது. ஏறக்குறைய 20,000 பேர் உட்காரலாம். கிளீவ்லேண்டில் இருக்கும் ஹன்டிங்டன் பேங்க் ஃபீல்டு, பிரௌன்ஸ் என்கிற, பந்தைக் கையில் பிடித்து ஓடுகிற 'அமெரிக்கன் ஃபுட்பால்' அணியின் இடம். உங்கள் மைதானத்தைப்போல மூன்று மடங்கு பெரியது. ஏப்ரல் 19 அன்று அங்கே வந்தவர்கள் 60,614 பேர். கூட்டக் கணக்கில் பெரிய வெற்றிதான். ஆனால் ஆட்டம்? அந்த சீசனில் அதுவரை தோல்வியே காணாத க்ரூ, பெஞ்சமின் கிரெமாஸ்கி போட்ட ஒரே கோலில் தோற்றது. மயாமியும் அதுவரை தோற்காத அணி. லீகில் தோற்காமல் இருந்த இரண்டு அணிகள் மோதுகிற நாள் அது. சொந்தக் கேலரியின் சத்தம் எந்த நாளில் மிகவும் தேவையோ, அந்த நாளில் பார்த்து அதைப் பின்னால் விட்டுவிட்டுப் போனார்கள். மைதானத்தின் வடக்கு முனையில் 'நோர்டெக்கே' என்று பெயர் வைத்துக்கொண்டு தொண்ணூறு நிமிடமும் நின்று பாடுகிற கூட்டம் உங்களுடையது. அறுபதாயிரம் பேரில் பலர் மயாமியின் இளஞ்சிவப்புச் சட்டையோடு மெஸ்ஸியைப் பார்க்க வந்திருக்கும்போது அந்தப் பாட்டு எங்கே எடுபடும்?

இதில் எனக்கு வலிக்கிற இடம் இன்னொன்று. 2017-ல் அன்றைய உரிமையாளர் ஆன்டனி பிரிகோர்ட், அணியையே டெக்சஸின் ஆஸ்டினுக்குக் கொண்டுபோகலாம் என்று பார்த்தார். கொலம்பஸ் மக்கள் 'சேவ் தி க்ரூ' என்று கிளம்பினார்கள். தெருவில் இறங்கினார்கள், நகர மன்றத்தைத் தட்டினார்கள், கடைசியில் வென்றார்கள். அமெரிக்காவில் ஒரு தொழில்முறை அணி ஊரைவிட்டுப் போவதை ரசிகர்களே தடுத்து நிறுத்துவது அபூர்வம். அப்போது அணியைக் கைக்கொடுத்து வாங்கியவர்களில் முக்கியமானவர்கள் ஹாஸ்லம் குடும்பத்தினர். கிளீவ்லேண்ட் பிரௌன்ஸும் அவர்களுடையதுதான். ஊரைவிட்டுப் போகக்கூடாது என்று போராடிக் காப்பாற்றிய அணி, அந்த வருடத்தின் மிகப் பெரிய ஆட்டத்தை ஊருக்கு வெளியே ஆடியது. ஒரே ஒரு ஆட்டம்தானே என்பார்கள். அந்த ஒரு ஆட்டத்துக்காகத்தான் பலர் வருடம் முழுக்கக் காத்திருந்திருப்பார்கள்.

கான்சாஸ் சிட்டியும் இதையேதான் செய்தது என்று சிலர் எழுதியிருக்கிறீர்கள். செய்தது உண்மை. 2024 ஏப்ரல் 13 அன்று ஸ்போர்ட்டிங் கான்சாஸ் சிட்டி, 18,000 பேர் கொள்ளும் தன் சில்ட்ரன்ஸ் மெர்சி பார்க்கை விட்டு ஆரோஹெட் அரங்கத்துக்குப் போனது. 72,610 பேர் வந்தார்கள். எரிக் டாமி அந்த அணிக்கு இரண்டு கோல் அடித்தும் மெஸ்ஸி, சுவாரஸ், டியேகோ கோமஸ் மூவரும் ஆளுக்கொன்று போட்டு மயாமியை 3–2 என்று ஜெயிக்க வைத்தார்கள். ஆனால் ஆரோஹெட் அதே கான்சாஸ் சிட்டியில்தான் இருக்கிறது. மாநில எல்லையைத் தாண்டினால் வந்துவிடும். வழக்கமாக வருகிற ஒரு ரசிகர் வேலை முடிந்து, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு அன்றிரவே வீட்டில் படுக்கலாம். அந்த மாற்றத்தை நான் ஏற்றுக்கொள்வேன். உங்களுக்கு நேர்ந்ததை ஏற்க மாட்டேன்.

கேள்வி: ஒரு ஆட்டத்தை மாற்றினால் அவ்வளவு பணம் கிடைக்குமா? யாருக்குப் போகும்?
– கல்லூரி மாணவர், கோவை

பதில்: தம்பி, அமெரிக்க லீகில் ஒரு அணிக்கு சீசனில் 34 ஆட்டம், அதில் 17 சொந்த மைதானத்தில். டிக்கெட் வசூல் முக்கியமாக வீட்டு அணிக்குத்தான். இருபதாயிரம் டிக்கெட் விற்கிற இடத்தில் அறுபதாயிரம் விற்றால், அதுவும் மெஸ்ஸி பெயரைச் சொல்லி விலையை ஏற்றி விற்றால், ஒரே ராத்திரியில் நாலைந்து ஆட்டங்களின் வசூல் கைக்கு வந்துவிடும். அதிலிருந்து அரங்க வாடகை, பாதுகாப்பு, ஊழியர் கூலி போகும். பெரிய அரங்கத்தை நடத்துவதும் அதே முதலாளி என்றால் வாடகையும் வீட்டுக்குள்ளேயே சுற்றிவரும். கார் நிறுத்தம், தின்பண்டம், சட்டை விற்பனை எல்லாம் தனி.

ஐரோப்பாவில் சாம்பியன்ஸ் லீக் முதல் சுற்று ஆட்டங்களிலும் வாசல் வசூல் வீட்டு அணிக்கே. ஆனால் அங்கே பணத்தைத் தவிர இன்னொரு காரணமும் உண்டு, கட்டாயம். ஐரோப்பியக் கால்பந்தை நடத்தும் அமைப்பான யூஏஃபா தன் போட்டிகளுக்கு மைதானங்களைத் தரம் பிரித்து வைத்திருக்கிறது. இருக்கை, விளக்கு, பத்திரிகையாளர் இடம் எல்லாவற்றுக்கும் விதி. பிரான்ஸின் பிரெஸ்ட் அணி 2024-25 சீசனில் முதல்முறையாகச் சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்றது. அதன் பழைய ஃபிரான்சிஸ் லெ பிளே மைதானம் அந்தத் தரத்துக்கு எட்டவில்லை. நூறு கிலோமீட்டருக்கும் அதிகமாகத் தள்ளியிருக்கும் கேங்காம் ஊர் மைதானத்தில் போய் ஆடினார்கள். அது பேராசை இல்லை, வேறு வழி இல்லை. ரசிகர்கள் பேருந்து பேருந்தாகப் பின்னாலேயே போனார்கள். அந்த இரவல் மைதானத்தில் பிரெஸ்ட் ஸ்டர்ம் கிராஸையும் பி.எஸ்.வி.யையும் வென்று லெவர்குசனுடன் சமன் செய்தது.

கேள்வி: எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். எல்லா மைதானமும் விதிப்படி ஏறக்குறைய ஒரே அளவுதானே? கேலரி பெரிதாக இருந்தால் ஆடுகிறவனுக்கு என்ன வித்தியாசம்? ரசிகர்கள் அதிகம் வந்தால் நல்லதுதானே?
– கால்பந்துப் பயிற்சியாளர், தூத்தூர், கன்னியாகுமரி மாவட்டம்

பதில்: தூத்தூரிலிருந்து இந்தக் கேள்வி வந்ததில் எனக்கு மகிழ்ச்சி. கடலோர மணலில் ஆடி வளர்கிற பிள்ளைகளைத் தயார் செய்கிறீர்கள். விரிவாகவே சொல்கிறேன்.

முதலில் அளவு. விதியில் நீளம் 90 முதல் 120 மீட்டர், அகலம் 45 முதல் 90 மீட்டர் வரை இடம் கொடுத்திருக்கிறார்கள். சர்வதேச ஆட்டங்களுக்கு நீளம் 100 முதல் 110, அகலம் 64 முதல் 75. லண்டனில் டாட்டன்ஹாமின் பழைய ஒயிட் ஹார்ட் லேன் 100-க்கு 67 மீட்டர். வெம்ப்ளி 105-க்கு 68. நீளத்தில் ஐந்து மீட்டர், அகலத்தில் ஒரே ஒரு மீட்டர். காகிதத்தில் ஒன்றுமில்லை. ஆனால் எதிராளியை முன்னாலேயே போய் மறித்துப் பந்தைப் பிடுங்குகிற அணிக்கு, பத்துப் பேரும் சேர்ந்து நகரவேண்டிய பரப்பு கூடுகிறது. எண்பதாவது நிமிடத்தில் அது காலில் தெரியும்.

அதைவிடப் பெரிய விஷயம் கண். நான் வியாசர்பாடியில் பிறந்து, இடது பின்களத்தில் ஆடியவன். எங்கள் மைதானத்தில் கோட்டுக்கு இரண்டடி தள்ளி மதில். பந்தைப் பார்த்தபடியே பின்னால் ஓடும்போது மதில் ஓரக்கண்ணில் தெரியும். கோடு எங்கே இருக்கிறது என்று தலையைத் திருப்பாமலே உடம்புக்குத் தெரிந்துவிடும். சென்னை நேரு ஸ்டேடியத்தில் கோட்டுக்கு அப்பால் ஓட்டப்பாதை, அதற்கும் அப்பால்தான் கேலரி. அங்கே ஆடும்போது ஓரக்கண்ணில் வெறும் வெளிதான். குறுக்குப் பந்து அடிக்கிற விங்கருக்கும், கோல்கிக் எடுக்கிற கோல்கீப்பருக்கும் இதே பாடுதான். அடையாளமாக வைத்திருந்த விளம்பரப் பலகை, கம்பம், கேலரியின் முனை எல்லாம் இடம் மாறிவிடும். வாரம் மூன்று நாள் அங்கேயே பயிற்சி எடுத்தால் கண் பழகிவிடும். ஆனால் இப்படி மாற்றிய ஆட்டங்களில் பெரும்பாலும் ஆட்டத்தன்றோ முந்தின நாளோதான் உள்ளே விடுவார்கள்.

இப்போது டாட்டன்ஹாமைப் பாருங்கள். 2016-17 சீசனில் புது அரங்கம் கட்டுவதற்காகப் பழைய மைதானத்தின் ஒரு மூலையை இடித்திருந்தார்கள். அதனால் சாம்பியன்ஸ் லீக் ஆட்டங்கள் மட்டும் வெம்ப்ளிக்குப் போயின. லீகில் ஒயிட் ஹார்ட் லேனில் அந்த வருடம் 19 ஆட்டம்: 17 வெற்றி, 2 சமன், தோல்வியே இல்லை. அதே வீரர்கள், அதே பயிற்சியாளர் பொச்செட்டினோ, அதே மாதங்களில் வெம்ப்ளியில் மொனாக்கோவிடம் 1–2, லெவர்குசனிடம் 0–1 என்று தோற்றார்கள். லெவர்குசன் ஆட்டத்துக்கு வந்தவர்கள் 85,512 பேர். ஒரு இங்கிலாந்து கிளப்பின் சொந்த ஆட்டத்துக்கு அதற்குமுன் அவ்வளவு கூட்டம் வந்ததில்லை. சி.எஸ்.கே.ஏ. மாஸ்கோவை மட்டும் வென்றார்கள். அடுத்த நிலைப் போட்டியான யூரோப்பா லீகுக்கு இறங்கி, பெல்ஜியத்தின் கென்ட் அணியோடு அங்கேயே 2–2 என்று ஆடி வெளியே போனார்கள்.

அடுத்த சீசன் முழுக்க வெம்ப்ளிதான் வீடு. முதல் ஆட்டத்தில் செல்சியிடம் தோல்வி, பிறகு பர்ன்லி, ஸ்வான்சீ இரண்டோடும் சமன். வெம்ப்ளி சாபம் என்று பத்திரிகைகள் எழுதின. அப்புறம் என்ன ஆயிற்று? அதே வெம்ப்ளியில் நவம்பரில் ரியல் மாட்ரிட்டை 3–1 என்று அடித்தார்கள். லீகில் அங்கே 13 வெற்றி பெற்று மூன்றாம் இடத்தில் முடித்தார்கள். சாபம் எதுவும் இல்லை. கண் பழகக் கொஞ்ச நாள் ஆயிற்று, அவ்வளவுதான்.

இப்போதைய அரங்கத்துக்கு முன் அதே இடத்தில் இருந்த பழைய வெம்ப்ளியில் ஆர்சனல் 1998-லும் 1999-லும் சாம்பியன்ஸ் லீக் ஆடியது. அவர்களுடைய ஹைபரி 38,000 பேர் கொள்கிற, கோட்டை ஒட்டியே கேலரி நிற்கிற மைதானம். வெம்ப்ளியில் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் எழுபதாயிரத்துக்கு மேல் கூட்டம். ஆறு ஆட்டத்தில் இரண்டுதான் வெற்றி. லென்ஸ், பார்சலோனா, ஃபியோரென்டினா மூவரும் வந்து ஜெயித்துவிட்டுப் போனார்கள். இரண்டு வருடமும் முதல் சுற்றோடு சரி. இரண்டாம் முறை, இன்றைய யூரோப்பா லீகின் பழைய வடிவமான யூஏஃபா கோப்பைக்கு இறங்கியதும் ஆர்சனல் ஹைபரிக்கே திரும்பியது. அங்கே ஆடி இறுதிப்போட்டி வரை போனது.

உங்கள் பிள்ளைகளுக்கு ஒரு யோசனை: வெளியூர்ப் பெரிய மைதானத்துக்குப் போகும்போது ஒரு மணி நேரம் முன்னாலேயே போய்விடுங்கள். பந்தில்லாமல் நாலு கோட்டையும் ஒரு சுற்று நடக்க வையுங்கள். விங்கர்களை கார்னர் கொடியருகே நிற்க வைத்து கோலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஆட்டம் தொடங்கிய முதல் இருபது நிமிடத்தில் பலன் தெரியும்.

கேள்வி: அப்படியானால் பெரிய மைதானத்துக்குப் போவதையே நீங்கள் எதிர்க்கிறீர்களா? பணத்துக்காக இல்லாமல் ரசிகர்களுக்காகவே போன அணி ஒன்றாவது உண்டா?
– பள்ளி ஆசிரியை, திண்டுக்கல்

பதில்: உண்டு டீச்சர். யூனியன் பெர்லின்.

கிழக்கு பெர்லினில் கோப்பெனிக் என்ற பகுதி. அங்கே மரங்களுக்கு நடுவே ஆல்ட்டே ஃபோர்ஸ்டெராய் என்ற மைதானம். 22,000 பேர் கொள்ளும். அதில் உட்கார இடம் மூவாயிரத்து அறுநூறு சொச்சம்தான், மற்ற எல்லாரும் நின்றுதான் பார்க்க வேண்டும். 2008-ல் இந்த மைதானம் சிதிலமாகிக் கிடந்தது. சரிசெய்யாவிட்டால் அங்கே ஆட அனுமதி கிடைக்காது. கிளப்பிடம் காசில்லை. ரசிகர்கள் இறங்கினார்கள். கொத்தனாரும் எலக்ட்ரீஷியனும் மட்டுமில்லை, மண்வெட்டி பிடித்தே பழகாதவர்களும் லீவு போட்டுவிட்டு வந்து காங்கிரீட் கலந்தார்கள். இரண்டாயிரத்துக்கு மேற்பட்டவர்கள், மொத்தம் 1,40,000 மணி நேரத்துக்கும் அதிகமான உழைப்பு, சம்பளம் கிடையாது. 2009 ஜூலையில் திறந்தார்கள். உலகத்தில் எத்தனையோ மைதானங்கள் உண்டு. பார்க்க வருகிறவர்களே தங்கள் கையால் கட்டிய படிக்கட்டில் நின்று பார்க்கிற மைதானம் வேறு எங்கே இருக்கிறது?

அந்த அணி 2019-ல் முதல்முறையாக ஜெர்மனியின் முதல் பிரிவுக்கு ஏறியது. நாலே வருடத்தில், 2023-ல், சாம்பியன்ஸ் லீகுக்குத் தகுதி பெற்றது. நின்று பார்க்கும் இடங்களைச் சோதனை முறையில் அனுமதிக்க யூஏஃபா தொடங்கியிருந்த நேரம் அது. அதனால் சொந்த மைதானத்திலேயே ஆட வழி இருந்தது. இருந்தும் கிளப் ஒலிம்பிக் அரங்கத்துக்குப் போக முடிவெடுத்தது. மேற்கு பெர்லினில், 1936 ஒலிம்பிக்குக் கட்டிய, 74,000 பேர் கொள்ளும் அரங்கம். போதாக்குறைக்கு அது ஹெர்தாவின் மைதானம், ஊருக்குள்ளேயே இருக்கும் போட்டி அணியின் வீடு. ரசிகர்களில் பலருக்குக் கசந்தது. நம் கையால் கட்டிய இடத்தில்தான் ரியல் மாட்ரிட் வந்து ஆட வேண்டும் என்று அவர்கள் நினைத்ததில் ஒரு தப்பும் இல்லை. அந்தக் காட்சியைக் காண நானும் ஆசைப்பட்டேன்.

ஆனால் தலைவர் டிர்க் சிங்லர் சொன்ன காரணம் எனக்குச் சரியாகப்பட்டது. கிளப்பின் உறுப்பினர்கள் மைதானத்தின் இடத்தைப்போல இரண்டு மடங்குக்கும் அதிகம். ஆல்ட்டே ஃபோர்ஸ்டெராயில் ஆடினால் பாதிக்கு மேற்பட்ட உறுப்பினர்கள் வீட்டில் உட்கார்ந்து டிவியில்தான் பார்க்க வேண்டும். கிளப் மூன்றாம் பிரிவிலும் நான்காம் பிரிவிலும் கிடந்த நாட்களில் கூடவே இருந்தவர்களும் அவர்களில் உண்டு. இப்படி ஒரு வாய்ப்பு இனி எப்போது வரும்? எல்லாரும் உள்ளே வரட்டும் என்றார்கள். லீக் ஆட்டங்களுக்குக் காட்டுக்குள் இருக்கும் வீடே வீடு, ஐரோப்பிய ஆட்டங்களுக்கு மட்டும் இந்த ஏற்பாடு.

முடிவு கசப்பாகத்தான் இருந்தது. 2023 அக்டோபர் 3, போர்ச்சுகலின் பிராகாவுக்கு எதிராக ஷெரால்டோ பெக்கர் இரண்டு கோல் போட்டு 2–0. பிராகா இரண்டையும் திருப்பியது. ஆட்டம் முடியும் தறுவாயில், 94-ஆவது நிமிடத்தில், தூரத்திலிருந்து ஒரு அடி, 2–3. நேப்போலியிடம் 0–1. டிசம்பரில் ரியல் மாட்ரிட்டிடம் 2–3, அதுவும் 89-ஆவது நிமிட கோலில். ஒலிம்பிக் அரங்கத்தில் மூன்றும் தோல்வி. கிடைத்த இரண்டு புள்ளியும் வெளியூரில், நேப்பிள்ஸிலும் பிராகாவிலும் 1–1 என்று ஆடி வாங்கியவை. சொந்த மரத்தடியில் ஆடியிருந்தால் பிராகாவிடமாவது தோற்றிருக்க மாட்டார்கள் என்று நான் நம்புகிறேன்.

அப்படியிருந்தும் அந்த முடிவை நான் ஆதரிக்கிறேன். அன்று ஒலிம்பிக் அரங்கத்தில் இருந்த எழுபதாயிரம் பேரும் வந்தது யூனியனைப் பார்க்க. அத்தனை கேலரியும் சிவப்பு. கிளீவ்லேண்டின் அறுபதாயிரத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. யாருக்காக இடத்தைப் பெரிதாக்குகிறோம், ஏற்கெனவே நம்மவராக இருந்து வாசலில் நிற்பவருக்கா, ஒருநாள் விருந்தாளிக்கா என்றுதான் நான் ஒவ்வொரு முறையும் பார்க்கிறேன்.

கேள்வி: மெஸ்ஸிக்காக எல்லா ஊரிலும் மைதானத்தை மாற்றுகிறார்களே, அவர் வராவிட்டால்?
– வங்கி ஊழியர், ஈரோடு

பதில்: அதுவும் நடந்தது. 2023 அக்டோபரில் சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்டில் 62,124 பேர் கூடினார்கள். காயம் காரணமாக அவர் ஆடவில்லை. சிகாகோ 4–1 என்று வென்றது. 2024 மே மாதம் வான்கூவருக்கு மெஸ்ஸி, சுவாரஸ், புஸ்கெட்ஸ் மூவருமே பயணம் செய்யவில்லை. டிக்கெட் வாங்கிய ஐம்பதாயிரம் பேருக்கு அது ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்புதான் தெரிந்தது. ஒரு ஆளின் தொடைத் தசையை நம்பி அரங்கத்தை நிரப்பப் பார்ப்பதில் இந்த அபாயம் எப்போதும் உண்டு. இதற்கு நேர்மாறாக, 2023 ஜூலை 4 அன்று பாசடேனாவின் ரோஸ் பௌலில் எல்.ஏ. கேலக்ஸியும் எல்.ஏ.எஃப்.சி.யும் மோதியதைப் பார்க்க 82,110 பேர் வந்தார்கள். அமெரிக்க லீகின் சாதனை அது. அங்கே மெஸ்ஸி இல்லை. ஒரே ஊரின் இரண்டு அணிகளுக்குள் இருக்கிற பகைதான் அந்தக் கூட்டத்தைக் கூட்டியது.

கேள்வி: நம் நாட்டில் இப்படி நடந்ததுண்டா?
– ஓய்வு பெற்ற ரயில்வே ஊழியர், வில்லிவாக்கம், சென்னை

பதில்: கொல்கத்தாவின் கால்பந்துக் கதையே இதுதான். மோகன் பகானுக்கும் ஈஸ்ட் பெங்காலுக்கும் மைதான் என்கிற அந்தப் பரந்த புல்வெளியில் பக்கத்துப் பக்கத்தில் சொந்த மைதானங்கள். ஒவ்வொன்றும் இருபதாயிரம் சொச்சம் பேர் கொள்ளும். நிலம் ராணுவத்துடையது, அதனால் இஷ்டப்படி உயர்த்திக் கட்ட முடியாது. கிளப் கேன்டீனில் ஸ்டூவும் டோஸ்டும் சாப்பிட்டுவிட்டு மரப்பலகையில் உட்கார்ந்து பார்க்கிற சுகம் அங்கேதான். ஆனால் இந்த இரண்டும் மோதினால் ஊரே வரும். அப்போது ஈடன் கார்டன்ஸுக்குப் போவார்கள்.

1977 செப்டம்பர் 24 அன்று பெலே நியூயார்க் காஸ்மோஸ் அணியோடு வந்து மோகன் பகானுடன் ஆடியதும் ஈடனில்தான். சேற்று மைதானத்தில் 2–2. ஷ்யாம் தாபாவும் ஹைதராபாத் ஹபீபும் கோல் போட்டார்கள். அந்தக் காஸ்மோஸே மைதானம் மாறி மாறி வளர்ந்த அணி. 1975-ல் பெலே சேர்ந்தபோது ராண்டல்ஸ் தீவில் புல் முளைக்காத ஒரு மைதானம். அடுத்த வருடம் யாங்கி ஸ்டேடியம். 1977-ல் நியூஜெர்சியின் ஜயன்ட்ஸ் ஸ்டேடியம். அந்த ஆகஸ்டில் அங்கே ஃபோர்ட் லாடர்டேல் அணிக்கு எதிராக 77,691 பேர். அந்த ஃபோர்ட் லாடர்டேல் அணி ஆடிய லாக்ஹார்ட் மைதானம் இருந்த அதே மனையில்தான் மெஸ்ஸி வந்து சேர்ந்த மயாமி மைதானத்தைக் கட்டினார்கள்.

ஈடனில் ஒரு பெரும் துயரமும் உண்டு. 1980 ஆகஸ்ட் 16, மோகன் பகான் – ஈஸ்ட் பெங்கால் லீக் ஆட்டத்தில் கேலரியில் கலவரம், நெரிசல். 16 ரசிகர்கள் இறந்தார்கள். ஆட்டம் பார்க்கப் போன பையன்கள். கூட்டத்தைப் பெரிதாக்க நினைக்கிற ஒவ்வொரு நிர்வாகியும் முதலில் வாசல்களையும் படிகளையும் எண்ண வேண்டும். மேசையில் டிக்கெட் கணக்கு அப்புறம் வரட்டும்.

1984-ல் சால்ட் லேக் அரங்கம் வந்த பிறகு பெரிய ஆட்டங்கள் அங்கே போயின. 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி. வந்தவர்கள் 1,31,781 பேர். மேல் அடுக்கில் நானும் ஒருவன். மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தாவின் 'டைமண்ட்' வியூகத்தைப் பற்றித்தான் ரயிலிலேயே பேச்சு. பாய்ச்சுங் பூட்டியா மூன்று கோல் போட்டு ஈஸ்ட் பெங்காலை 4–1 என்று ஜெயிக்க வைத்தார். என் இடத்திலிருந்து வீரர்கள் சின்னதாகத்தான் தெரிந்தார்கள். சத்தம் மட்டும் நெஞ்சுக்கூட்டில் இடித்தது.

கேள்வி: பெண்கள் அணிகளும் பெரிய மைதானத்துக்குப் போகின்றனவே, அதையும் குறை சொல்வீர்களா?
– பள்ளி அணியின் தலைவி, பன்னிரண்டாம் வகுப்பு, கடலூர்

பதில்: மாட்டேன் அம்மா, முழு மனதோடு கைதட்டுவேன். ஆர்சனல் பெண்கள் அணி போரம்வுட்டில் 4,500 பேர் கொள்ளும் மைதானத்தில் ஆடிக்கொண்டிருந்தது. ஆண்கள் அணியின் எமிரேட்ஸ் அரங்கத்தை அவர்களுக்கும் திறந்துவிட்டதும் 2024 பிப்ரவரி 17 அன்று மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டத்துக்கு 60,160 பேர் வந்தார்கள். அடுத்த சீசனிலிருந்து அதுவே அவர்களின் முதன்மை மைதானம். பார்சலோனா பெண்கள் வழக்கமாக ஆடுவது 6,000 பேர் கொள்ளும் யோகான் கிரைஃப் மைதானத்தில். 2022-ல் அவர்களை ஆண்கள் அணியின் பெரிய அரங்கமான காம்ப் நௌவுக்குக் கொண்டுவந்தபோது ரியல் மாட்ரிட்டுக்கு எதிராக 91,553 பேர், மூன்று வாரம் கழித்து வோல்ஃப்ஸ்பர்க்குக்கு எதிராக 91,648 பேர். இத்தனை பேரும் எங்கேயோ இருந்தவர்கள்தான். இதுவரை அவர்களுக்கு உட்கார இடம் போடவில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது லிவர்பூல் நகரத்து எவர்ட்டன். ஆண்கள் அணி 2025-ல் துறைமுகத்தை ஒட்டிக் கட்டிய புது அரங்கத்துக்குப் போனது. 1892 முதல் ஆடிவந்த குடிசன் பார்க்கை இடித்துவிடாமல் பெண்கள் அணிக்குக் கொடுத்தார்கள். இரண்டாயிரம் சொச்சம் பேர் பார்க்கிற மைதானத்திலிருந்து அந்தப் பெண்கள் குடிசனுக்கு வந்தார்கள். உங்கள் அணிக்குப் பையன்கள் ஆடி முடித்த பிறகு மீதமிருக்கிற அரை மணி நேரம்தான் மைதானம் கிடைக்கிறது என்று எழுதியிருக்கிறாய். தலைமையாசிரியரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டு.

கேள்வி: பெரிய மைதானத்தை விட்டுச் சின்ன மைதானத்துக்குப் போன அணி உண்டா?
– வாசகர், மதுரை

பதில்: யுவென்டஸ். 1990 உலகக் கோப்பைக்குக் கட்டிய டெல்லே ஆல்பி, 69,000 பேர் கொள்ளும், நடுவில் ஓட்டப்பாதை. ஒரு இத்தாலியக் கோப்பை ஆட்டத்துக்கு அங்கே வந்தது 237 பேர். அதை இடித்துவிட்டு அதே இடத்தில் 41,000 பேருக்கு, கோட்டை நெருக்கிக் கட்டி 2011-ல் திறந்தார்கள். அந்த சீசனில் தொடங்கித் தொடர்ந்து ஒன்பது முறை இத்தாலியப் பட்டம்.

கேள்வி: மகன் பெர்லினில் படிக்கிறான். அடுத்த வருடம் போகிறேன். யூனியன் ஆட்டம் பார்க்க முடியுமா?
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: ஆண்கள் ஆட்டத்துக்கு டிக்கெட் பெரும்பாலும் உறுப்பினர்களுக்கே போய்விடும். மகனை இப்போதே உறுப்பினராகச் சேரச் சொல்லுங்கள். அது கைகூடாவிட்டாலும் கவலை வேண்டாம். யூனியனின் பெண்கள் அணி 2025-ல் முதல் பிரிவுக்கு ஏறியது, ஆடுவதும் அதே ஆல்ட்டே ஃபோர்ஸ்டெராயில்தான். அந்த டிக்கெட் கிடைப்பது எளிது. எஸ் 3 ரயிலில் கோப்பெனிக்கில் இறங்கி, சிவப்புத் துண்டு போட்டவர்கள் பின்னாலேயே கால் மணி நேரம் நடங்கள். உட்காரும் இடம் கேட்காதீர்கள், நிற்கிற இடத்துக்கே வாங்குங்கள்.